நாழிகை வட்டிலும் மோட்டாரும்

மேற்கே ஏலமலைத் தொடரும் கிழக்கே மேகமலையும் அரண்போல் நிற்க, இடையே பசுமை போர்த்துக் கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. முல்லைப் பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே 1895 ஆம் ஆண்டில் கீழ்த்திசை நோக்கித் திருப்பப்பட்டது. அந்நீர் பாயும் வயல்களுள் 14,707 ஏக்கர் இருபோகம் விளையும் நிலமாகும். ஆயினும், வாய்க்கால் எட்டாத மேட்டு நிலங்களும் அங்கு உண்டு. திராட்சைப் பந்தலும் வாழையும் தென்னையும் நிற்கும் அந்நிலங்களைக் காப்பது கிணற்று நீரே.

முற்காலத்தில் அக்கிணறுகளில் கமலையும் ஏற்றமும் நீர் இறைத்தன. ஏற்றம் இறைப்போர் பாடும் பாட்டிலேயே சால்களின் எண்ணிக்கையும் அமைந்திருக்கும். எருது களைத்தால் இறைப்பு நிற்கும். அவ்வோய்வில் கிணறும் ஊறிக்கொள்ளும். 1958 ஆம் ஆண்டு முதல் பெரியாற்று நீரே லோயர்கேம்ப்பில் மின்சாரமும் தரலாயிற்று. கிணறுதோறும் மோட்டார் வந்தது. மோட்டாருக்குக் களைப்பு என்பது இல்லை. எனவே, அதனை நிறுத்துவதற்கு ஒருவர் வேண்டியதாயிற்று.

மும்முனை மின்சாரம் முறைவைத்து வழங்கப்பட்ட காலங்களில் உழவர் பட்ட பாடு பெரிது. நள்ளிரவில் மின்சாரம் வரும். கையில் டார்ச் விளக்குடன் பாம்புக்கும் காட்டுப்பன்றிக்கும் அஞ்சி அஞ்சித் தோட்டத்திற்குச் செல்லவேண்டும். இத்துன்பம் நீக்க வந்ததே ஆட்டோ சுவிட்ச். மின்சாரம் வந்ததும் அது மோட்டாரைத் தானே ஓட்டிவிடும். ஆனால் நிறுத்தவேண்டிய நேரம் அதற்குத் தெரியாது. 1984 இல் சிறு உழவர்க்கும், 1990 இல் உழவர் அனைவர்க்கும் மின்சாரம் விலையின்றி வழங்கப்பட்டது, நன்மைதான். எனினும், கட்டணம் இல்லை என்று சுவிட்சை அப்படியே விட்டுவிட்டு உறங்குவாரும் உளர். கிணறு வற்றிய பின்னும் பம்பு வெறுமனே சுழலும். நீரில் மூழ்கி ஓடும் மோட்டாருக்குச் சுற்றியுள்ள நீரே குளிர்ச்சி தருவது. அது வற்றினால் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் சூடேறிக் கருகிவிடும். மோட்டாரைச் சுருள் மாற்றிச் சரிசெய்யலாம். வற்றிய ஊற்றைச் சரிசெய்யும் கடை எங்கும் இல்லை.

ஓட்டவும் நிறுத்தவும் ஒருங்கே அறிந்த கருவியே டைமர். காலத்தைக் கருவியால் அளப்பது தமிழர்க்குப் புதிதன்று. பாசறையில் நாழிகை கணித்துச் சொல்வோரை முல்லைப்பாட்டு காட்டுகிறது. அடியில் நுண்துளையுள்ள வட்டிலை நீரில் மிதக்கவிட்டு, அது அமிழும் நேரத்தைக் கொண்டு காலத்தை அறிவதும் பழைய முறைகளுள் ஒன்று. நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம். ஒரு நாளுக்கு நாழிகை 60. இன்றைய டைமர்கள் பலவற்றுள் வட்டிலின் வேலையைச் செய்வது குவார்ட்ஸ் என்னும் சிறு படிகச் சில்லு. அது நொடிக்கு 32,768 முறை அதிர்கின்றது. அவ்வெண்ணைத் தொடர்ந்து 15 முறை பாதியாக்கினால் எஞ்சுவது ஒன்று. அதுவே ஒரு நொடி. மாணவர் தாமே வகுத்துப் பார்க்கலாம்.

டைமர் மோட்டாருக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே சுமப்பதில்லை. பாகன் யானையைத் தோளில் சுமப்பதுண்டோ? சொல்லால் அன்றோ நடத்துகிறான்! 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 7 ஆம்பியர் மின்சாரம் கொள்ளும். நேரடியாகத் தொடங்கும் நொடியிலோ அதுபோல் ஆறு மடங்கு இழுக்கும். அதனைத் தாங்குவது ஸ்டார்ட்டரில் உள்ள காண்டாக்டர். டைமர் அனுப்பும் சிறு மின்சாரம் காண்டாக்டரின் சுருளைக் காந்தமாக்க, அக்காந்தம் பெருந்தகடுகளை இழுத்து இணைக்கிறது. சிறு மின்சாரம் நின்றால் தகடுகள் விலகும், மோட்டார் ஓயும்.

பழைய டைமர்களில் முள் பதித்த வட்டம் ஒன்று மின்சாரத்தால் சுழலும். மின்சாரம் இரண்டு மணி நேரம் நின்றால் வட்டமும் அந்நேரம் நின்றுவிடும். காலை ஆறு மணிக்கு ஓடவேண்டிய மோட்டார் எட்டு மணிக்கு ஓடும். இன்றைய மின்னணு டைமருக்குள் சிறு பாட்டரி இருப்பதால் இக்குறை இல்லை. நாள்தோறும், கிழமைதோறும் ஓடவும் நிற்கவும் வேண்டிய நேரங்களை அதில் முன்னரே பதித்து வைக்கலாம்.

எவ்வளவு நேரம் பதிப்பது என்பதே கேள்வி. நொடிக்கு 75 கிலோ எடையை ஒரு மீட்டர் உயர்த்தும் ஆற்றல் ஏறத்தாழ ஒரு குதிரைத்திறன். ஆகவே 5 குதிரைத்திறன் 25 மீட்டர் ஆழத்திலிருந்து நொடிக்கு 15 லிட்டர் தூக்கவேண்டும். பம்பிலும் குழாயிலும் பாதி வீணாகிறது எனக் கொள்வோம். எஞ்சுவது ஏழரை லிட்டர். மணிக்கு 27,000 லிட்டர். கிணற்றின் ஊற்று மணிக்கு 9,000 லிட்டர்தான் என்றால், ஒரு மணி ஓடி இரண்டு மணி ஓய்வதே தக்கது. மூன்று மணி நேரத்து ஊற்று, ஒரு மணி நேரத்து இறைப்புக்கு ஈடாகிவிடும். அன்று எருது கொண்ட ஓய்வே இன்று கணக்காய்த் திரும்ப வருகிறது.

டைமருக்கு நேரம் தெரியும், நீர் தெரியாது. எனவே கிணற்றுள் இரண்டு உலோகக் கம்பிகளை இறக்கி வைப்பதுண்டு. அவற்றிடையே நீர் இருக்கும்வரை அதன் வழியே மிகச் சிறு மின்சாரம் பாயும். நீர் கீழிறங்கினால் அப்பாய்ச்சல் அறும். உடனே காண்டாக்டரும் விடுபடும். இக்காவலையும் டைமரையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால், நேரம் வந்தும் நீர் இல்லையேல் மோட்டார் ஓடாது.

ஊற்றும் ஆண்டு முழுதும் ஒரே அளவாய் இராது. ஐப்பசி மழையில் பெருகும். பங்குனி வெயிலில் சுருங்கும். பதித்த நேரத்தையும் அதற்கேற்ப மாற்றவேண்டும். ஊற்றை அளப்பது எளிது. மோட்டாரை நிறுத்தி, கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்க. ஒரு மணி கழித்து மீண்டும் குறிக்க. நீளமும் அகலமும் பத்துப் பத்து மீட்டராக உள்ள கிணற்றில் நீர் 9 சென்டிமீட்டர் ஏறியிருந்தால், ஊறியது 9,000 லிட்டர்.