சிறிய கழிப்பறையும் சிக்கன நீரும்



நீரை வடிகட்டிப் பருகவும், வேண்டிய அளவே முகந்து பயன்படுத்தவும் நம் இல்லங்களில் பிள்ளைகளைச் சிறு வயது முதலே பழக்குகிறோம். நீரையே உடலாகக் கொண்ட ஓரறிவு உயிர்களும் உள என்பது நம் அறநெறி கற்பிக்கும் பாடம். ஆயினும், குவளை நீரில் காட்டும் கவனத்தைக் கழிப்பறைத் தொட்டியிலும் காட்டுகிறோமா? பழைய ஃபிளஷ் தொட்டிகள் பல, ஒரு முறை அழுத்தினாலே பத்து லிட்டர் நீரை வெளியேற்றிவிடுகின்றன.

இதனை நான் உணர்ந்தது 2019ஆம் ஆண்டுக் கோடையில். சென்னைக்கு நீர் வழங்கும் புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் ஏரிகள் நான்கும் அவ்வாண்டு ஏறக்குறைய வறண்டன. லாரி நீருக்குக் குடத்துடன் காத்து நின்ற பின், அதே நீரைக் கழிப்பறையில் பத்துப் பத்து லிட்டராகக் கொட்டுவது மனத்தை உறுத்தியது. பழைய பீங்கானை மாற்ற முடிவு செய்து, கடைக்குச் சென்று, அழகாகத் தோன்றிய ஒன்றை வாங்கி வந்தேன். அது எங்கள் கழிப்பறையில் பொருந்தவில்லை! மாணவர்க்கு நீட்டலளவை கற்பித்த நான், கையில் அளவுநாடா இல்லாமல் கடைக்குச் சென்றிருந்தேன். அந்தத் தவறு தந்த பாடத்தையே இங்கு எழுதுகிறேன்.

இருப்பதைச் சோதித்தல்

முதலில் பழைய தொட்டி கசிகிறதா என்று பாருங்கள். இரவில், தொட்டி நீரில் சிறிது உணவு நிறமியைக் கலந்து, அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் விடுங்கள். பீங்கானுக்குள் நிறம் தென்பட்டால் கசிவு உண்டு. நொடிக்கு ஒரு மில்லிலிட்டர் கசிந்தாலும் நாளொன்றுக்கு 86 லிட்டருக்கு மேல் வீணாகும். அடியிலுள்ள ரப்பர் அடைப்பானை மாற்றினாலே பெரும்பாலும் இக்கசிவு நின்றுவிடும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தல்

1980ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில், காரோமா நிறுவனத்தைச் சேர்ந்த புரூஸ் தாம்ப்சன் என்பவர் இரண்டு பொத்தான்கள் கொண்ட தொட்டியை வடிவமைத்தார். அதன் அளவு 11 லிட்டரும் 5.5 லிட்டரும் ஆகும். இன்று நம் கடைகளில் 6 லிட்டரும் 3 லிட்டரும் வெளியேற்றும் தொட்டிகள் எளிதில் கிடைக்கின்றன.

நால்வர் உள்ள குடும்பத்தில், ஒவ்வொருவரும் நாளில் ஐந்து முறை பயன்படுத்துவதாகக் கொள்வோம். பழைய பத்து லிட்டர் தொட்டிக்கு 200 லிட்டர் வேண்டும். புதியதில் ஒருவருக்கு முழு அளவு ஒரு முறை, பாதி அளவு நான்கு முறை எனில் 18 லிட்டர். நால்வர்க்கு 72 லிட்டர். மிச்சம் 128 லிட்டர். ஓராண்டில் இது 46,720 லிட்டர். அதாவது 12,000 லிட்டர் லாரி ஏறக்குறைய நான்கு.

அளந்து கொள்ளுதல்

எங்கள் கழிப்பறை மூன்றரை அடி அகலமும் நாலரை அடி நீளமும் உடையது. இத்தகைய இடத்தில் கடைக்குப் போகுமுன் நான்கு அளவுகளைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

1. கழிவு வெளியேறும் வழி: அது தரையில் இறங்கினால் ‘எஸ் டிராப்’, சுவருக்குள் சென்றால் ‘பி டிராப்’. ஒன்றுக்குரிய பீங்கான் மற்றொன்றுக்குப் பொருந்தாது.

2. பின்சுவரிலிருந்து தரைத் துளையின் நடுப்புள்ளி வரை உள்ள தொலைவு: சுவரில் ஓடு பதித்திருந்தால் ஓட்டின் முகப்பிலிருந்து அளக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது ஒன்பது அங்குலம். நான் வாங்கியதோ பன்னிரண்டு அங்குலத்திற்கு உரியது. தொட்டி சுவரில் இடித்து நின்றது.

3. பீங்கான் முன்னோக்கி நீளும் அளவு: கதவு உட்புறம் திறக்குமாயின் அதன் அகலத்தையும் கூட்டிப் பாருங்கள். எங்கள் அறையின் நீளம் 137 செ.மீ., கதவு 69 செ.மீ. ஆகவே 68 செ.மீட்டருக்குக் குறைவான பீங்கானே எங்களுக்கு ஏற்றது. பழைய செய்தித்தாளை அவ்வளவில் வெட்டித் தரையில் விரித்து, கதவைத் திறந்து பார்த்தால் ஐயம் தீரும்.

4. பக்க இடம்: பீங்கானின் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 38 செ.மீ. இருந்தால் முழங்கை இடிக்காது.

தேர்ந்தெடுத்தல்

பீங்கானும் தொட்டியும் ஒரே இணையாக அமைந்தவையா என்று கேளுங்கள். பத்து லிட்டருக்கென வடிவமைத்த பழைய பீங்கானுக்குச் சிறிய தொட்டியை மட்டும் பொருத்தினால் ஒரு முறையில் கழிவு நீங்காது. இரண்டாம் முறை அழுத்தும்போது சிக்கனம் தோற்றுப்போகும். நான்கு லிட்டரை இரு முறை விடுவதைவிட ஆறு லிட்டரை ஒரு முறை விடுவதே குறைவு அன்றோ? குறைந்த நீருக்கு, உறிஞ்சி இழுக்கும் அமைப்பைவிட நீரின் விசையால் தள்ளும் அமைப்பு ஏற்றது. அதன் உள்வழி அகன்றிருப்பதால் அடைப்பும் குறைவு.

சுவரில் தொங்கும் வகை இடத்தை மிச்சப்படுத்தும் என்பர். ஆனால் தொட்டியை மறைக்க நாலரை அங்குலச் சுவர் போதாது. முன்னால் மற்றொரு சுவர் எழுப்ப நேரும். அதனால் மிச்சமான இடம் மீண்டும் குறையும்.

வீட்டில் முதியோர் இருப்பின் அவர்களை அமரச் செய்து பார்த்து வாங்குங்கள். இருக்கையுடன் சேர்த்து 43 முதல் 48 செ.மீ. உயரம் முழங்கால் வலி உள்ளவர்க்கு எழ உதவும். எனினும் பாதங்கள் தரையில் நன்கு ஊன்ற வேண்டும். அவ்வாறு ஊன்றாவிடில் உயரம் சற்றுக் குறைந்ததே நலம்.

பழகுதல்

புதியதைப் பொருத்திய அன்றே எந்தப் பொத்தான் பெரிய அளவு, எது சிறியது என்பதைப் பிள்ளைகள் முதல் விருந்தினர் வரை அனைவர்க்கும் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் முதல் வாரம் முழுவதும் பெரிய பொத்தானையே எல்லோரும் அழுத்தினர். என் பேத்தி சிறு பொத்தானின் அருகே ஒரு நீர்த்துளி வரைந்து ஒட்டிய பின்னரே பழக்கம் மாறியது.

பயிற்சி: இவ்விதழைப் படித்து முடித்ததும் உங்கள் பழைய தொட்டியைச் சோதியுங்கள். தொட்டிக்கு நீர் வரும் குழாயை மூடி, ஒரு முறை அழுத்தி, பின் குறைந்த நீரை ஒரு லிட்டர் குவளையால் ஊற்றி முன்பிருந்த மட்டம் வரை நிரப்புங்கள். எத்தனை குவளை என்பதைப் பிள்ளைகளே எண்ணட்டும். அவ்வெண்ணிக்கையைக் கண்ட பிள்ளை நீரை வீணாக்கத் தயங்கும். அளவை முதலில், விலை பிறகு. இதுவே நான் காலந்தாழ்ந்து கற்ற பாடம்.