அடிமைப் பாட்டில் அணி

அணி என்னுஞ் சொல் நகையைக் குறிப்பது. மங்கைக்கு வளையுங் குழையும் எங்ஙனமோ, செய்யுட்கு உவமையும் உருவகமும் அங்ஙனமே என்று கூறுதல் வழக்கம். நாமும் வகுப்பில் அவ்வாறே பயின்று வருகின்றோம். ஆயின், இரும்புத் தளையன்றி வேறு பூணறியாத ஒருவன் பாடுங்கால், அவன் பாட்டில் வரும் அணியை நகையென்று கொள்ளலாகுமோ? அமெரிக்க நாட்டில் 1865-ஆம் ஆண்டுவரை அடிமைகளாய் வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க மக்களின் பாடல்களைப் படித்தபொழுது எமக்கு இவ்வையம் எழுந்தது.

முதலில், அடிமையல்லாத ஒருவர் பாடிய பாட்டை நோக்குவோம். லாங்பெல்லோ என்னும் அமெரிக்கப் புலவர் 1842-இல் ஐரோப்பாவினின்று கப்பலிற் றிரும்புங்கால், அடிமைத்தனத்தைப் பற்றிச் சில பாடல்கள் இயற்றி அவ்வாண்டே வெளியிட்டார். அவற்றோடு சேர்த்து வெளியிட்ட பாட்டொன்றில், அடிமைப்பட்ட மக்களைச் சிம்சோனாக உருவகஞ் செய்கின்றார். தலைமயிர் சிரைக்கப்பட்டு, கண் பிடுங்கப்பட்டு, பெலிஸ்தர்க்கு வேடிக்கைப் பொருளாய் நின்ற அவ்வீரன் தூண்களைச் சாய்த்த வரலாறு நாம் அறிந்ததே. தம் நாட்டிற்கும் அது நேரக்கூடுமென எச்சரிக்கின்றார் புலவர். உருவகம் சிறந்ததுதான். ஆனால் அவர் உரிமையுடையவர். தம்மையொத்த உரிமையுடையார்க்கே பாடுகின்றார். ஆதலின் சிம்சோன் இன்னான், தூண் இன்னது என்று வெளிப்படையாகவே விளக்கிவிடுகின்றார். மறைக்க வேண்டிய நிலை அவர்க்கில்லை.

அடிமைகளின் நிலை வேறு. தென்மாநிலங்கள் பலவற்றில் அவர்கட்கு எழுத்தறிவித்தலே சட்டப்படி குற்றமாயிருந்தது. செவிவழியாகக் கேட்ட வேதாகமமே அவர்கள் பாட்டிற்குப் பொருளாயிற்று. மோசேயைப் பார்வோனிடம் போகுமாறு ஏவும் பாடல், 1861-இல் முதன்முதல் அச்சேறியது. அதில் எசமானன் இல்லை, சாட்டை இல்லை, பருத்திக்காடும் இல்லை. எகிப்தும் இஸ்ரவேலுமே உள்ளன. கங்காணி கேட்டால் அது வேதக்கதை. உடன் பாடுவோர்க்கோ அது தங்கள் கதை. அடிமையாய்ப் பிறந்து 1838-இல் தப்பிச்சென்ற பிரெடரிக் டக்ளஸ், தாமும் தோழரும் கானானைப் பாடியபொழுதெல்லாம் வடதிசையையே கருதியதாக 1855-இல் வெளிவந்த தம் நூலில் எழுதியுள்ளார்.

கருதிய பொருளை மறைத்து உவமையை மட்டுங் கூறும் இதனைத் தண்டியலங்காரம் ஒட்டு என்னும். பிறிதுமொழிதல் எனவும் வழங்குவர். உள்ளுறை உவமம் என்றே கூற முதலில் எண்ணினோம். ஆயின் தொல்காப்பியனார் தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களையே உள்ளுறைக்கு நிலைக்களமாக்கினார். இப்பாடல்கட்கோ தெய்வத்தின் செயலே நிலைக்களம். பெயர் எதுவாயினுமாகுக. அகப்பாட்டில் தோழி பொருளை மறைப்பது நாகரிகங் கருதி. இங்கு மறைப்பது உயிர் கருதி.

மறைத்துக் கூறுவதில் ஓர் இடருமுண்டு. பொருளை அறியாதான் ஓசையை மட்டுங் கேட்டுச் செல்வான். அடிமைகள் பாடுகின்றனர், ஆதலின் மகிழ்ந்திருக்கின்றனர் என்று சொல்வோர் வடநாட்டில் இருந்ததைக் கண்டு வியந்தார் டக்ளஸ். துயர் மிக்கபொழுதே அடிமை மிகுதியும் பாடுவான் என 1845-இல் எழுதிய தன்வரலாற்றில் அவர் மறுத்துரைத்தார். யாமும் அப்பாடல்களின் இனிமையில் மயங்கி முதலில் அவ்வாறே கேட்டோம் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

பால் லாரன்ஸ் டன்பார் 1872-இல் பிறந்தவர்; அவர்தம் தாயுந் தந்தையும் அடிமைகளாயிருந்தவர்கள். 1899-இல் அவர் வெளியிட்ட ஒரு பாட்டில் கூண்டுப்பறவை உவமையாகின்றது. அடிமைத்தனம் சட்டத்தால் ஒழிந்து முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆகியும் கூண்டு அவர் நெஞ்சை விட்டகலவில்லை. அப்பாட்டின் வைப்புமுறை கருதத்தக்கது. முதற்பகுதியில் வெளியே வசந்தம். இரண்டாவதில் பறவை கம்பிகளிற் சிறகை மோதிக் குருதி சிந்துகின்றது. மூன்றாவதிலேதான் அது பாடுகின்றது. குருதியைக் கண்ட பின்னரே நாம் பாட்டைக் கேட்கின்றோம்.