பேரம் படியாத சம்பளம்: பணியில் சேரும்முன் கேட்க வேண்டியவை

தஞ்சாவூர்ப் பக்கத்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் விலையைப் பேரம் பேச முடியாது. அது அரசு நிர்ணயித்தது. விவசாயி அங்கே வாதாடுவதெல்லாம் 17 சதவீத ஈரப்பதத்துக்கும் எடைக்கும்தான். அரசு வேலையின் தொடக்கச் சம்பளமும் இப்படித்தான். குரூப் 4 தேர்வெழுதி வரும் கிராம நிர்வாக அலுவலருக்கும் இளநிலை உதவியாளருக்கும் தமிழக அரசின் 2017 ஊதிய விதிகளின்படி ஊதிய நிலை 8; தொடக்கம் 19,500 ரூபாய். பட்டம் எத்தனை இருந்தாலும் அது அசையாது. ஆனால் அந்த நிலையில் நம்மை எந்தப் படியில் வைக்கிறார்கள் என்பது ஆவணத்தைப் பொறுத்தது. ஏற்கெனவே அரசுப் பணியில் இருப்பவர், துறையின் தடையின்மைச் சான்றோடு விண்ணப்பித்து முறைப்படி விடுபட்டால், பழைய ஊதியத்துக்குப் பாதுகாப்பு கோரலாம். சொல்லாமல் ராஜினாமா செய்தவருக்கு அந்தக் கதவு அநேகமாகச் சாத்தியதுதான்.

அடுத்த படி 20,100. அறுநூறு ரூபாய்க்கு இவ்வளவு மெனக்கெடலா என்பார்கள். அகவிலைப்படியும் ஆண்டுதோறும் வரும் 3 சதவீத உயர்வும் அடிப்படை ஊதியத்தின் மேல்தான் ஏறுகின்றன என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். மாநிலப் பணியில் உயர்வு காலாண்டுக் கணக்கு என்பதால், மார்ச் கடைசியில் சேரக் கிடைத்த வாய்ப்பை நல்ல நாள் பார்த்து ஏப்ரலுக்குத் தள்ளுவதும் நஷ்டமே. கலந்தாய்வில் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது வீட்டு வாடகைப்படியையும் பாருங்கள். அது ஊருக்கு ஊர் மாறும். சேர்ந்ததுமே ஊதியப் பாதுகாப்பு கோரி மனு கொடுத்தால் மேலதிகாரி முகம் சுளிப்பாரோ என்ற தயக்கம் வேண்டாம். ஊதிய நிர்ணயம் சலுகை அல்ல, விதி. எழுத்தில் கொடுத்து, நகலில் ஒப்புதல் வாங்கி, பணிப்பதிவேட்டில் ஏறியதா என்று பாருங்கள்.