பழமையில் பூத்த புதுமை

ஆலமரம் வானளாவ ஓங்கினும் அதன் விழுதுகள் மண்ணையே நாடி இறங்கும். கலைஞனும் அத்தகையவனே. அவன் எத்துணைப் புதுமை படைப்பினும் முன்னோர் தேடி வைத்த கலைச் செல்வத்திலிருந்தே உரம் பெறுகின்றான். ஆயின், பழமையிலிருந்து உரம் பெறுதல் வேறு; பழமையை அப்படியே படியெடுத்தல் வேறு. இவ்வேறுபாட்டைத் தம் வாழ்வால் விளக்கிக் காட்டியவர், வங்க நாட்டு ஓவியர் ஜாமினி ராய் ஆவார்.

அவர் 1887ஆம் ஆண்டு பாங்குரா மாவட்டத்தில் பேலியாத்தோர் என்னும் சிற்றூரில் பிறந்தார். அம்மாவட்டம் மண்ணால் கலை வளர்த்த நிலப்பகுதி. அங்குள்ள விஷ்ணுபூர்க் கோயில்களின் சுவர்களைச் சுட்ட மண்ணாலாகிய சிற்பங்கள் அணி செய்கின்றன. குயவர்கள் மண்குதிரைகளையும் பொம்மைகளையும் வனைவர். பட்டுவாக்கள் எனப்படும் ஓவியர்கள் நீண்ட சுருள்களில் புராணக் கதைகளைத் தீட்டி, ஊர்தோறும் சென்று, சுருளை விரித்துக் காட்டிப் பாடுவர். இக்கலைகளுக்கிடையே ஜாமினி ராயின் இளமை கழிந்தது.

பின்னர் அவர் கல்கத்தா அரசினர் கலைப்பள்ளியில் சேர்ந்து மேனாட்டு முறை ஓவியம் பயின்றார். ஒளியும் நிழலும் கலந்து, கண்டவர் உயிருள்ள உருவமோ என மயங்குமாறு எண்ணெய் வண்ணத்தில் தீட்டும் முறை அது. அவர் அதில் தேர்ச்சி பெற்றார். செல்வர்களின் உருவப்படங்களை வரைந்து புகழும் பொருளும் ஈட்டினார். எனினும் அவர் உள்ளம் நிறைவுறவில்லை. இரவல் மொழியில் எத்துணை அழகாகப் பேசினும் அது தாய்மொழி ஆகுமா?

அந்நாளில் அவர் கருத்தைக் கவர்ந்தவை காளிகட்ட ஓவியங்கள். கல்கத்தாவிலுள்ள காளி கோயிலுக்கு வரும் அடியவர்களுக்கு விற்பதற்காக, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பட்டுவாக்கள் மலிவான தாளில் விரைந்து தீட்டிய படங்கள் அவை. தூரிகையின் ஒரே வீச்சில் தோளும் கையும் வளைந்து உருவாகும், பின்னணி இராது, வேண்டாத கோடு ஒன்றும் இராது. அவற்றின் ஆற்றலை ஜாமினி ராய் உணர்ந்தார். ஆயினும், நகரத்தார் சுவைக்கு ஏற்ப அவை மாறிவிட்டன எனக் கருதி, அவற்றின் ஊற்றாகிய சிற்றூர்க் கலையையே நாடிச் சென்றார்.

அங்கே அவர் கற்றதைவிட மறந்ததே மிகுதி எனலாம். பல்லாண்டு முயன்று பெற்ற ஒளிநிழல் திறனைக் கைவிட்டார். எண்ணெய் வண்ணங்களை நீக்கி, மண், அவுரி, விளக்குக்கரி, சுண்ணம் ஆகியவற்றால் வண்ணங்களைத் தாமே ஆக்கிக்கொண்டார். புளியங்கொட்டைப் பசையால் அவற்றைப் பிணித்தார். துணியும் பாயும் பலகையும் அவர் ஓவியத்திற்குக் களமாயின. உருவப்பட வருவாய் நின்றமையால் வறுமை சூழ்ந்தது. அவர் தம் வழியினின்றும் பிறழவில்லை.

அவர் பட்டுவாக்களின் படங்களைப் படியெடுத்தாரா? இல்லை. அவர்களிடம் கோட்டின் இலக்கணத்தை மட்டுமே கற்றார். அவ்விலக்கணத்தால் தாம் கூற விரும்பியவற்றைக் கூறினார். சந்தால் மகளிரின் நடனத்தைத் தீட்டினார். தாயையும் சேயையும் தீட்டினார். ஏசுநாதரின் வாழ்வையும் அகன்ற நீள்விழியுடைய வங்க நாட்டு உருவங்களாகவே தீட்டினார். மொழி பழையது, பேச்சோ புதியது.

கலை செல்வர் மாளிகையில் அடைபடலாகாது என்பது அவர் கொள்கை. ஆதலின் படங்களைக் குறைந்த விலைக்கே விற்றார். பட்டுவாக் குடும்பங்களைப் போல மகனையும் உதவியாளரையும் உடன்வைத்து ஒரே படத்தைப் பலமுறை ஆக்கினார். இதனைக் குறை கூறியவரும் உண்டு. ஆயினும் நாடு அவரைப் போற்றியது. 1954ஆம் ஆண்டு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பெற்றது. 1972இல் அவர் மறைந்தார். 1976இல் அவர் ஓவியங்கள் நாட்டின் கலைச்செல்வம் என அறிவிக்கப்பெற்றன.

அவருக்கு வழிகாட்டிய பட்டுவாக்கள் என்னவாயினர்? பொறியில் அச்சான மலிவுப் படங்கள் சந்தைக்கு வந்ததும் காளிகட்டத்து ஓவியர்களின் தொழில் நலிந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அக்கலை அங்கே மங்கி மறைந்தது. அவர்களுள் பெரும்பாலோரின் பெயரும் நமக்குத் தெரியாது. ஆயினும் மேற்கு மேதினிப்பூர் மாவட்டத்து நயா என்னும் சிற்றூரில் இன்றும் பட்டுவாக்கள் சுருள் தீட்டிப் பாடி வருகின்றனர்.

ஒரு கலைஞன் புகழ் பெறும்போது, அவனுக்குப் பின்னே பெயரறியா ஆசிரியர் பலர் நிற்கின்றனர். அவர்தம் கலையைப் பார்த்து எழுதுவது மட்டும் நன்றியாகாது. அதன் உயிரை உணர்ந்து புதுமை படைத்தலும், அதனை இன்றும் கைக்கொண்டு வாழ்வோரைப் பேணுதலுமே நாம் அவர்க்குச் செய்யும் கைம்மாறு ஆகும்.