வாரண்ட் இல்லாமல் போலீஸ் வீட்டைச் சோதனையிட வந்தால்

வாரண்ட் இல்லாவிட்டால் போலீஸ் வாசல்படி தாண்டக் கூடாது என்று சிலர் கதவை மறிக்கிறார்கள். பலர் பயந்துபோய் எதையும் கேட்காமல் ஒதுங்கி நிற்கிறார்கள். இரண்டுமே ஆபத்து. அவசரத்தில் வாரண்ட் இல்லாமல் சோதனையிடச் சட்டம் இடம் தருகிறது. எழுத்தில் எதுவுமே இல்லாமல் பொருளைத் தேடிச் சோதனையிட இடம் தரவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தை வைத்து, என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

1. ஆளைத் தேடியா, பொருளைத் தேடியா என்று கேளுங்கள்.
கைது செய்ய வேண்டியவர் உள்ளே இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் பிரிவு 44 பொருந்தும். தாங்கள் யார், எதற்கு வந்தோம் என்று சொல்லிக் கேட்டும் கதவு திறக்கவில்லை என்றால் உடைத்தும் நுழையலாம். பொருளைத் தேடி வந்தால் பிரிவு 185. வாரண்ட் வாங்கிவரும் தாமதத்தில் விசாரணைக்குத் தேவையான பொருள் கைநழுவிவிடும் என்ற நிலையில்தான் இது செல்லும்.

2. யார் வந்திருக்கிறார் என்று பாருங்கள்.
பொருளைத் தேடும் சோதனை என்றால், நிலையப் பொறுப்பு அதிகாரியோ விசாரணை அதிகாரியோ நேரில் வர வேண்டும். அவர் வேறொருவரை அனுப்பினால், எந்த இடம், எந்தப் பொருள் என்று எழுதிய உத்தரவு இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். வந்தவரின் பெயர், பதவி, நிலையம், வந்த நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. தடுக்காதீர்கள், கூடவே இருங்கள்.
சோதனையின்போது உடனிருக்க வீட்டாருக்கு உரிமை உண்டு. சுதந்திரமான சாட்சிகள் குறைந்தது இருவர் வேண்டும். பெண்ணைச் சோதனையிட வேண்டுமானால் பெண் மட்டுமே, கண்ணியத்தோடு செய்ய வேண்டும். பிரிவு 105-இன்படி சோதனை முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும். பதிவு ஓடுகிறதா என்று தொடக்கத்திலேயே கேளுங்கள்.

4. கைப்பற்றிய பொருள்களின் பட்டியலான மகஜரை வரிவரியாகப் படியுங்கள்.
‘செல்போன் 1’ என்று மட்டும் இருந்தால் போதாது. கம்பெனி, நிறம், ஐ.எம்.இ.ஐ. எண், சிம் கார்டு எல்லாம் எழுதச் சொல்லுங்கள். பணமென்றால் எந்த நோட்டு எத்தனை, நகையென்றால் எடை. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சாட்சிகள் கையெழுத்திட்ட பட்டியலின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

5. மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடுங்கள்.
பொருளைத் தேடும் சோதனைக்கான காரணத்தை அதிகாரி எழுதிவைத்து, அதன் நகலை 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். மனு கொடுத்தால் வீட்டாருக்கும் அந்த நகல் இலவசமாகக் கிடைக்கும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

கஞ்சா போன்ற போதைப்பொருள் வழக்குகளுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. அங்கே வாரண்ட் இல்லாத சோதனை சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரைதான். இரவில் நுழைந்தாக வேண்டுமென்றால் அதற்கான காரணத்தை எழுதிவைத்தாக வேண்டும்.

சோதனை முறைதவறி நடந்தது என்பதற்காகவே அதில் கிடைத்த சாட்சியத்தை ஒதுக்கிவிட முடியாது என்று 1973-இல் பூரண் மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். கேட்க வேண்டியதை அன்றைக்கே, மரியாதையாக, தயங்காமல் கேளுங்கள்.