கன்ட்ரோலும் நோயாளியின் இரத்தமும்

ஓசூர் ஆய்வகத்தில் பணிக்குச் சேரும் தங்கைக்கு,

மருத்துவ ஆய்வகத்தில் தினமும் காலையில் நோயாளிகளின் இரத்தத்துக்கு முன்னால் அனலைசரில் ஓடுவது கன்ட்ரோல் எனப்படும் தரக் கட்டுப்பாட்டு மாதிரி. அதில் குளுக்கோஸ் எவ்வளவு, கிரியாட்டினின் எவ்வளவு என்பது முன்பே தெரியும். கிடைத்த அளவு லெவி-ஜென்னிங்ஸ் வரைபடத்தின் எல்லைக்குள் விழுந்தால் அன்றைய வேலை தொடங்கும். 1950இல் வந்த அந்த வரைபடமும், 1981இல் வெஸ்ட்கார்ட் வெளியிட்ட விதிகளும் கருவியின் தடுமாற்றத்தைக் கண்டுபிடிப்பதில் இன்றும் வலுவானவை. ஆனால் அவை காட்டுவது கன்ட்ரோலின் நடத்தையை. நோயாளியின் சீரமும் கருவிக்குள் அதேபோல் நடந்துகொண்டால்தான் ஒன்றை வைத்து மற்றொன்றுக்கு உறுதி சொல்ல முடியும். இந்தப் பண்பை ஆய்வக உலகம் கம்யூட்டபிலிட்டி என்கிறது. 1973இல் நொதிச் சோதனைகளுக்கான ஒப்பீட்டுப் பொருள்கள் பற்றிய விவாதத்தில் இந்தக் கருத்து முன்வைக்கப்பட்டது.

கன்ட்ரோல் புட்டியில் இருப்பது பெரும்பாலும் பதப்படுத்தப்பட்ட சீரம். பலருடைய சீரத்தைக் கலந்து, வேண்டிய அளவுக்கு உயர்த்த விலங்குத் திசுக்களிலிருந்து எடுத்த நொதிகளையும் வேதிப்பொருள்களையும் சேர்த்து, கெடாமல் நிலைக்க வேறு சிலவற்றையும் கலந்து, உறையவைத்து உலர்த்துகிறார்கள். இந்த ஒவ்வொரு படியிலும் சீரத்தின் இயல்பு கொஞ்சம் மாறுகிறது.

ஆல்புமின் சோதனை இதற்குத் தெளிவான சான்று. ப்ரோமோகிரிசால் பர்ப்பிள் சாயம் மனித ஆல்புமினோடு நன்றாகப் பிணையும். மாட்டு ஆல்புமினோடு குறைவாகவே பிணையும். மாட்டுச் சீரத்தில் செய்த கன்ட்ரோலை இந்த முறையில் ஓட்டினால் அளவு தாழ்ந்து வரும். கருவியில் பழுதில்லை, நுட்பநரிடம் தவறில்லை. புட்டிக்குள் இருக்கும் புரதம்தான் வேறு. குளுக்கோமீட்டரிலும் இதே சிக்கல் உண்டு. அதன் கன்ட்ரோல் திரவத்தில் சிவப்பணுக்களே கிடையாது. இரத்தசோகை உள்ளவருக்கு மீட்டர் எவ்வளவு தவறாகக் காட்டும் என்பதை அந்தத் திரவத்தால் சொல்ல முடியாது.

ஓசூர் போன்ற தொழிற்சாலைப் பகுதியில் பணிபுரிபவர் அறிய வேண்டிய இன்னொன்று, ஈயத்தோடு வேலை செய்யும் தொழிலாளர்களுக்கான இரத்த ஈயச் சோதனை. ஒரு வகைச் சிறு கருவிச் சோதனை சிரை இரத்தத்தில் ஈயத்தைக் குறைத்துக் காட்டக்கூடும் என்று 2017 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. இரத்தக் குழாயின் ரப்பர் மூடியிலிருந்து வெளியேறும் ஒரு வேதிப்பொருள் ஈயத்தைப் பிடித்துக்கொள்வது காரணமாகப் பின்னர் சுட்டப்பட்டது. தனிப் புட்டியில் வரும் கன்ட்ரோல் அந்த மூடியைத் தொடுவதே இல்லை. அதனால் கன்ட்ரோல் சரியாக வந்துகொண்டிருக்கும்போதே பாதிக்கப்பட்ட தொழிலாளி நலமானவராகக் கணக்கில் ஏறிவிடக்கூடும்.

அன்றாட வேலையில் இந்தச் சிக்கல் அதிகம் தலைகாட்டுவது ரீஏஜென்ட் லாட், அதாவது சோதனை வினைப்பொருளின் உற்பத்தித் தொகுதி, மாறும்போது. 2011இல் வெளியான ஓர் ஆய்வு 82 சோதனைகளில் நடந்த 661 லாட் மாற்றங்களை அலசியது. கன்ட்ரோலில் கண்ட மாற்றமும் நோயாளிகளின் மாதிரிகளில் கண்ட மாற்றமும் 40.9 சதவீத ஒப்பீடுகளில் பொருந்தவில்லை. ஆகவே புதிய லாட்டைக் கன்ட்ரோலை மட்டும் வைத்து ஏற்பதோ தள்ளுவதோ கூடாது. குறைந்த, இயல்பான, உயர்ந்த அளவுகள் கொண்ட நோயாளி மாதிரிகளில் மிச்சமிருப்பதை எடுத்து, பழைய லாட்டிலும் புதிய லாட்டிலும் ஒரே நாளில் ஓட்ட வேண்டும். நோயாளிகளின் முடிவுகள் ஒத்துப்போய் கன்ட்ரோல் மட்டும் நகர்ந்திருந்தால், அந்தக் கன்ட்ரோலுக்குப் புதிய சராசரியைக் கணக்கிட்டுக் குறித்துவைத்தால் போதும். அதை விட்டுக் கன்ட்ரோலைப் பழைய கோட்டுக்கு இழுக்கக் கருவியைத் திருத்தினால், சரியாக இருந்த நோயாளிகளின் முடிவுகள் தவறாகிவிடும். இதற்கு நேர்மாறான நிலை இன்னும் ஆபத்தானது: கன்ட்ரோல் அசையாமல் நிற்கும், நோயாளிகளின் அளவு நகர்ந்திருக்கும். அப்போது அந்த லாட்டை நிறுத்திவைத்து நிறுவனத்துக்கு எழுதுவதே முறை.

வெளி அமைப்பு அனுப்பும் மாதிரியை ஓட்டி முடிவுகளை ஒப்பிடும் வெளித் தர மதிப்பீட்டுக்கும் இதே கணக்குதான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் துறை இந்திய மருத்துவ உயிர்வேதியியலாளர் சங்கத்தோடு சேர்ந்து நடத்தும் திட்டத்தில் நாடு முழுவதும் ஆய்வகங்கள் பங்கேற்கின்றன. உலர்த்திய மாதிரி நோயாளியின் சீரத்தைப் போல் நடக்காது என்பதால், இத்தகைய திட்டங்களில் ஒரு முறையைப் பயன்படுத்தும் ஆய்வகத்தை அதே முறையைப் பயன்படுத்தும் பிற ஆய்வகங்களோடு ஒப்பிடுகிறார்கள். அந்தக் குழுவோடு ஒத்துப்போவது நல்ல செய்தி. ஆனால் குழு முழுவதும் உண்மையான அளவிலிருந்து விலகியிருந்தால் அது அங்கே தெரியாது.

பொருளின் குறையோடு கைப்பிழையும் சேரக்கூடாது. 5 மி.லி. நீர் ஊற்ற வேண்டிய புட்டியில் 5.1 ஊற்றினால் எல்லா அளவுகளும் ஏறத்தாழ 2 சதவீதம் குறையும். அளவு பிசகாத பிப்பெட்டால் ஊற்றி, குலுக்காமல் மெல்லச் சுழற்றி, உறையில் குறித்த நேரம் வைத்திருக்க வேண்டும். பிறகு அந்தத் திட்ட மாதிரி வழக்கமாக வேலை பார்ப்பவர் கையில், நோயாளிகளின் குழாய்களுக்கு நடுவில், அவற்றைப் போலவே ஒரே ஒரு முறை ஓட வேண்டும். திட்ட மாதிரியை மட்டும் மூன்று முறை ஓட்டிச் சராசரி அனுப்பும் பழக்கம் மதிப்பீட்டையே பொய்யாக்குகிறது.

நோயாளியின் மாதிரிக்கு முழுமையாக ஈடானது இன்னொரு நோயாளியின் மாதிரிதான். ஓசூருக்கு இதில் ஒரு வசதி உண்டு: பெங்களூரு சுமார் 40 கி.மீ. தொலைவில் இருக்கிறது. வெளித் திட்டம் இல்லாத சோதனைகளுக்கு ஆய்வகங்கள் தங்களுக்குள் மாதிரிகளைப் பரிமாறிக்கொள்வது ஏற்கப்பட்ட வழி. ஒரே சீரத்தை இரண்டாகப் பிரித்து, பெயரை நீக்கிக் குறியீட்டு எண் மட்டும் இட்டு, குளிர்ப்பெட்டியில் மாநில எல்லை தாண்டி அனுப்பி, இரு பக்கமும் ஒரே நாளில் ஓட்டலாம். எவ்வளவு வேறுபாடு வரை ஏற்கலாம் என்பதை முடிவுகள் வருமுன்பே இரு ஆய்வகங்களும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்