குரங்கு செத்துக் கிடந்தால் யாருக்குச் சொல்வது?

கேள்வி: காட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. வேலியோரம் எப்போதாவது குரங்கு செத்துக் கிடக்கும். யாருக்காவது தகவல் சொல்ல வேண்டுமா, நாங்களே புதைத்துவிடலாமா?

பதில்: நீங்களே புதைக்காதீர்கள். அன்றைக்கே தகவல் சொல்லிவிடுங்கள்.

காரணம் இதுதான்: 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டுக் குரங்குகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்து விழுந்தன. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் அந்தக் காட்டுக்குள் போய் வந்தவர்கள் கடும் காய்ச்சலில் படுத்தார்கள். மஞ்சள் காய்ச்சலோ என்றுதான் முதலில் சந்தேகித்தார்கள். பூனாவின் வைரஸ் ஆராய்ச்சி மையத்தார் சோதித்தபோது, உண்ணி பரப்பும் புதிய வைரஸ் என்று தெரிந்தது. குரங்குக் காய்ச்சல் என்று நாம் சொல்வது இதைத்தான். 2012 முதல் பந்திப்பூர், நீலகிரி, வயநாடு பக்கமும் அதன் தடம் தென்பட்டது.

குரங்கு செத்ததும் அதன் மேலிருந்த உண்ணிகள் அங்கேயே உதிர்ந்து, அடுத்த உடம்புக்குக் காத்திருக்கும். அதனால்தான் குரங்கு விழுந்த இடத்தைச் சுற்றி 50 மீட்டர் வரை சுகாதாரத் துறையினர் பூச்சிமருந்து தூவுகிறார்கள். நீங்கள் தூக்கி அப்புறப்படுத்திவிட்டால் மருந்து எங்கே தூவுவது என்று அவர்களுக்குத் தெரியாது. சோதனைக்கு மாதிரியும் கிடைக்காது. உடல் அழுகிவிட்டாலும் மாதிரி பயன்படாது, நேரம் முக்கியம்.

முதலில் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கால்நடை மருந்தகத்துக்கும் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் சுகாதார உதவிக்கு 104, கால்நடைக்கு 1962. என்ன நோய் என்று ஊகித்துச் சொல்ல வேண்டாம். நான்கு விவரம் போதும்: எந்த இடம், எப்போது பார்த்தீர்கள், எத்தனை குரங்கு, இந்த இரண்டு வாரத்தில் ஊரில் யாருக்காவது காய்ச்சல் வந்ததா. ஆட்கள் வரும்வரை குழந்தைகளும் நாயும் மாடும் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோயின் பெயரை ஏன் தள்ளி வைக்கச் சொல்கிறேன் என்றால், பெயர் சில சமயம் வழி தவறச் செய்துவிடும். 1998இல் மலேசியாவின் ஈப்போ பக்கம் மூளைக்காய்ச்சல் பரவியது. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுகட்டி, தடுப்பூசி போட்டார்கள், கொசுமருந்து அடித்தார்கள். படுத்தவர்களில் பெரும்பாலோர் பன்றிப் பண்ணையில் வேலை பார்த்த ஆண்கள். பண்ணைகளில் பன்றிகளும் இருமிக்கொண்டிருந்தன. அந்தக் கணக்குக்குப் பொருந்தியது நிபா என்ற புதிய வைரஸ்தான். அது தெரிந்து நோய் அடங்குவதற்குள் 265 பேர் படுத்து, 105 பேர் இறந்திருந்தார்கள். யார் படுத்தார்கள், எந்த விலங்கோடு பழகினார்கள் என்ற விவரம், அவசரத்தில் வைத்த பெயரைவிட நம்பகமானது.

'வண்டியில் அடிபட்டுச் செத்திருக்கும், மின்கம்பியில் மாட்டியிருக்கும், இதற்கெல்லாமா போன் செய்வது?' என்று தோன்றலாம். பல குரங்குகள் அப்படித்தான் சாகின்றன. எது எப்படிச் செத்தது என்பதைச் சோதனை சொல்லட்டும். பத்துத் தகவலில் ஒன்பது வீணானாலும் நட்டமில்லை.

டிசம்பர் முதல் மே வரை குரங்குக் காய்ச்சல் பருவம். கண்ணுக்குச் சட்டென்று தெரியாத இளம் உண்ணிகள் நடமாடும் காலம். காட்டுக்குள் போவதென்றால் முழுக்கை சட்டை போட்டு, கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். சுகாதார நிலையத்தில் உண்ணி விரட்டும் எண்ணெய் கொடுத்தால் வாங்கித் தடவிக்கொள்ளுங்கள். சருகின்மேல் உட்காராதீர்கள். தொழுவத்தில் பரப்பக் காட்டுச் சருகை அள்ளி வராதீர்கள். உண்ணியும் கூடவே வீட்டுக்கு வரும். திரும்பியதும் துணியை வெந்நீரில் போட்டு, சோப்புத் தேய்த்துக் குளியுங்கள். உடம்பில் உண்ணி ஒட்டியிருந்தால் நசுக்காமல், தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து எடுங்கள்.

காட்டுக்குப் போய் வந்த சில நாளில் திடீரென்று கடும் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி வந்தால் கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காதீர்கள். மருத்துவரிடம் 'காட்டுக்குப் போனேன், அங்கே குரங்கு செத்துக் கிடந்தது' என்று நீங்களாகவே சொல்லுங்கள். குரங்குக் காய்ச்சலுக்கென்று தனி மருந்து இல்லை. சீக்கிரம் சேர்ந்தால் நீர்ச்சத்துக் குறையாமலும் ரத்தக்கசிவு முற்றாமலும் கவனிக்க முடியும். ஆளிடமிருந்து ஆளுக்கு இது தொற்றியதாகத் தெரியவில்லை. அதனால் நோயாளியை ஒதுக்க வேண்டாம்.

குரங்குக்கு மட்டுமல்ல, காகம் கூட்டமாக விழுந்தாலும், கோழிகள் அடுத்தடுத்துச் செத்தாலும், ஒரே தெருவில் நாலு வீட்டில் வயிற்றுப்போக்கு என்றாலும் கேட்க வேண்டியது ஒன்றே: 'வழக்கமாக இப்படி நடக்குமா?' அதற்குப் பதில் சொல்ல உங்களிடம் பழைய கணக்கு இருக்க வேண்டும். பால் கணக்கு எழுதும் நாட்காட்டியிலேயே அந்தந்தத் தேதிக்கட்டத்தில் 'குரங்கு 1, ஓடைக்கரை' என்று குறித்து வாருங்கள். சுகாதார ஆய்வாளர் வரும்போது எடுத்துக் காட்டுங்கள்.